தோல்வி அறியாத நாச்சிமுத்து

எங்கள் ஊர்க் கபடிப் போட்டியை ஒன்பது வருடம் நான் காதால்தான் பார்த்தேன். பொம்பளைகள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் அப்போது புதுச்சத்திரம் பக்கத்தில் கிடையாது. எங்கள் தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் இரண்டு கடலைக் காடு, ஒரு வாய்க்கால். பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டைப் பார்த்தபடி இருக்கும். பொங்கல் முடிந்த மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அது கரகரவென்று இழுத்துவிட்டு, "கடல் அலையெனத் திரண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே!" என்று ஆரம்பிக்கும்.

"கடல எங்கடா கண்ட நீ?" என்பாள் என் அம்மா சென்னியம்மாள், வீட்டுக் களத்தில் விதைக்கடலை உரித்துக்கொண்டே. "இங்க இருக்கறதெல்லாம் கடலக்காடுதான்."

பேசுகிறவர் பெயர் அர்த்தநாரி. சேலம், நாமக்கல் ரோட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் பார்த்தால் நம்மைப்போலத்தான் பேசுவார். "உள்ள போங்க சாமி, பொட்டிய மடியில வெச்சுக்குங்க ஆத்தா" என்பார். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். ரேடியோவில் வருகிற வர்ணனை எல்லாவற்றையும் டீக்கடையில் நின்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதில் எது கபடிக்கு, எது கிரிக்கெட்டுக்கு என்ற பேதமெல்லாம் அவருக்கு இல்லை. ஒரு வருடம், "ஆடுகளம் சுழற்பந்துக்கு நன்றாக ஒத்துழைக்கிறது" என்றே சொல்லிவிட்டார். பனை உச்சியில் வெயில் கொளுத்தும்போது, "வானம் லேசான மேகமூட்டத்துடன் காணப்படுகிறது" என்பார்.

அவரிடம் மொத்தம் இருபது வாக்கியம் இருந்திருக்கும். பாடிப்போகிறவன் யாராக இருந்தாலும் சிங்கம்போல் சீறிப் பாய்வான். தப்பித்தால் மயிரிழையில் தப்புவான். பிடிபட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பிடிபடுவான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் சூடு பிடிக்கும். வெற்றிக் கனியைப் பறிக்கப் போவது யார் என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவரே சொல்வார்: "பொறுத்திருந்து பார்ப்போம்!"

என் அண்ணன் நாச்சிமுத்துவின் பெண்டாட்டி வசந்தாமணியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். நங்கைக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அர்த்தநாரி மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று யார் முதலில் சொல்வது என்பதுதான் அது. நங்கைதான் எப்போதும் ஜெயிப்பாள். "சூடு பிடிக்குது" என்பாள், ஸ்பீக்கரும் சொல்லும். அம்மாவுக்கு எரிச்சல் தாங்காது. "அந்த வாய்ல ஒரு நாளைக்கு நெருஞ்சி முள்ள வெச்சுத் தேக்கோணும்" என்பாள். ஆனாலும் எழுந்து உள்ளே போக மாட்டாள். எங்கள் அண்ணன் ஆடுகிறானே.

அண்ணன் பாடிப்போகிறதில் கெட்டிக்காரன். ஒல்லி உடம்பு, நீளக் கால். எதிர்க் கோட்டைக் கால் கட்டை விரலால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவான் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது கிடையாது. அர்த்தநாரி அவனுக்கு ஒரு பட்டம் வைத்திருந்தார்: "தோல்வி அறியாத வீரர் நாச்சிமுத்து!" அது பச்சைப் பொய். எழுபத்தைந்தில் ஜேடர்பாளையத்துக்காரர்களிடம் தோற்று வந்து அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரண்டாவது நாளிலும் பஸ்ஸில் அர்த்தநாரி அவனைப் பார்த்து, "வாங்க தோல்வி அறியாத வீரரே!" என்றாராம்.

"அந்தாள் என்னைய கேலி பண்றாரா, நெசமாலுமே சொல்றாரான்னு தெரியல" என்றான் அண்ணன். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

எழுபத்தெட்டாம் வருடம் பொங்கலுக்கு மூன்று நாள் போட்டி. இரண்டாம் நாள் ஆட்டத்திலேயே அண்ணனுக்கு வலது முட்டி வீங்கிவிட்டது. ராத்திரி நங்கை புளியிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். காலையில் எங்கள் குழுவின் கேப்டன் தீர்த்தகிரி வந்து முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி முழுசும் நீ வெளிய உக்காந்துக்க. ஆடுனா காலு போயிரும்" என்று அம்மா முன்னால் கண்டித்துச் சொன்னார். அண்ணன் தலையாட்டினான். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

கடைசி ஆட்டம் மறுபடியும் ஜேடர்பாளையத்தோடு. நாங்கள் மூன்று பேரும் வீட்டுக் களத்தில் உட்கார்ந்திருந்தோம். பாதி ஆட்டம் தாண்டியதும் நம்மவர்கள் மூன்று பாயின்ட் பின்னால் இருப்பதாக ஸ்பீக்கர் சொன்னது. "இரு அணிகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல" என்றது. நங்கையும் கூடவே சொன்னாள். நான் சிரித்தேன்.

அப்புறம் ஸ்பீக்கர் ஒரேயடியாகக் கத்தியது.

"அதோ! அதோ எழுந்துவிட்டார்! தோல்வி அறியாத வீரர் நாச்சிமுத்து எழுந்துவிட்டார்! அடிபட்ட சிங்கம் ஆடுகளம் நோக்கி வருகிறது! மைதானமே அதிர்கிறது!"

மைதானம் அதிர்ந்தது எங்களுக்கும் கேட்டது. கூட்டம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்தன.

"அவன எதுக்குடா எழுப்பற? உக்காரச் சொல்லுடா!" என்று அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினாள். கையில் இருந்த முறம் சாய்ந்து கடலை கொட்டியது.

"சிங்கம்போல் சீறிப் பாய்கிறார்! ஒருவரைத் தொட்டார்! இதோ இரண்டாமவர்! ஆ, கணுக்கால் பிடி! மேலே நான்கு பேர் விழுகிறார்கள்! கோட்டைத் தொடுவாரா? பொறுத்திருந்து பார்ப்போம்!"

பொறுத்திருந்தோம். ஸ்பீக்கர் இரைந்துகொண்டே இருந்தது.

"காயம் என்பது விளையாட்டில் சகஜம். இன்னும் சில விநாடிகளில் நாச்சிமுத்து மீண்டும் எழுந்து..."

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. மைக் போடப்பட்டே இருந்தது. யாரோ ஓடுவதும், "தண்ணி, தண்ணி" என்பதும் தூரத்தில் கேட்டன. நங்கை எழுந்து நின்றுவிட்டாள். எத்தனை நேரம் அப்படி இருந்ததென்று சொல்ல முடியாது. பிறகு அதே குழாயில் வேறு ஒரு குரல் வந்தது. எங்களுக்கு முதலில் அது யாரென்று தெரியவில்லை.

"நாச்சிமுத்து ஊட்டுல... சென்னியம்மாத்தா, காதுல உழுகுதுங்களா? பயப்படாதீங்க சாமி. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. காலுதானுங்க. முட்டி பெசகிப்போச்சு. பேசறாரு, என்னையப் பாக்கறாரு. லாரி ஒண்ணு நிறுத்தியிருக்கறமுங்க, நாமக்கல் ஆசுபத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போறம். நீங்க குறுக்க காட்டுல ஓடி வாராதீங்க. ரோட்டுக்கு வந்து நில்லுங்க, ஏத்திக்கறம். வசந்தாமணி அம்மிணி, ஒரு வேட்டியும் போர்வையும் எடுத்துட்டு வாங்க."

அவர் பஸ்ஸில் பேசுகிற குரல் அது. நாங்கள் வேட்டியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம்.

முட்டிக்குள் ஏதோ அறுந்துபோயிருந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் கால் முழுசாக மடங்கவில்லை. நடக்கலாம், மண்வெட்டி பிடிக்கலாம், சம்மணம் போட்டு உட்கார முடியாது. கபடி முடிந்துபோனது. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது.

"உக்காந்திருக்கறேன்னுதான்டா தலையாட்டுன? எதுக்கு எந்திரிச்ச?" என்று ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "தண்ணி குடிக்கலாம்னு எந்திரிச்சேம்மா. அதுக்குள்ள மைக்குல பேரச் சொல்லிட்டாரு. அத்தன கூட்டமும் கத்துது. மறுக்கா எப்படி உக்கார்றது?"

அன்றிலிருந்து அம்மாவின் சாபம் முழுவதும் அர்த்தநாரிக்குத்தான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடிப் பையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா தட்டியைத் திறக்கவில்லை.

"ஆளு எந்திரிச்சா சிங்கம், உக்காந்தா சிங்கம். உம்பட சிங்கம் உள்ள படுத்துக் கெடக்குது. போய்ச் சேரு" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்காத்தா" என்றார். பையைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தப் பழத்தை எல்லாம் எருமைக்குப் போட்டாள். எருமை தோலோடு தின்றது.

அடுத்த பொங்கலுக்கு அவர் மைக்கைத் தொடவில்லை. குழுக்காரர்கள் வீடு தேடிப் போய்க் கேட்டும் முடியாது என்றுவிட்டாராம். அதனால் மைக் செட் வாடகைக்குக் கொடுத்த சின்னுசாமியே உட்கார்ந்து பேசினார். சினிமாப் பாட்டை நடுவில் நிறுத்தி, "அந்தப் பக்கம் ஒண்ணு" என்பார். மறுபடி பாட்டு. "இந்தப் பக்கம் ஒண்ணு." எந்தப் பக்கம் யாருடையது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? யார் போனான், யார் தப்பினான், யார் பிடித்தான், எதுவும் தெரியாது. சாயந்திரம் ஆண்கள் வந்து சொன்னால்தான் உண்டு. அவர்களும், "ம், ஜெயிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. நங்கை ஒருநாள் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டே தனக்குத்தானே, "ஆட்டம் சூடு பிடிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா காது கேட்காததுபோல் இருந்தாள்.

இதற்குள் எனக்குக் கல்யாணமாகி எருமப்பட்டிக்குப் போய்விட்டேன். எண்பத்தொன்றாம் வருடம் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூட்டிப்போக அண்ணன் வந்திருந்தான். அர்த்தநாரியின் பஸ் வந்தால் அவன் ஏற மாட்டான், அடுத்ததுக்கு நிற்பான் என்று நங்கை முன்பே சொல்லியிருந்தாள். கோபம்போல என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு நல்ல கூட்டம். குழந்தை வீறிட்டு அழுதது. முதலில் வந்த பஸ்ஸே அவருடையது.

"ஏறு" என்றான் அண்ணன்.

அர்த்தநாரி எங்களைப் பார்த்ததும் ஒரு பெஞ்சில் இருந்த இரண்டு பேரை எழுப்பி, "கைக்கொழந்தைங்க, கால் மடங்காதவருங்க, கொஞ்சம் எடம் குடுங்க" என்றார். அண்ணன் கால் நீட்ட வசதியாகக் கடைசிப் பக்கம் உட்கார வைத்தார். டிக்கெட் கிழிக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் நிறைய நரைத்திருந்தது.

பஸ் நாமக்கல்லைத் தாண்டியது. அண்ணன் அவரைக் கூப்பிட்டான்.

"கண்டக்டரண்ணா, இப்படி வாங்க."

வந்து கம்பியைப் பிடித்து நின்றார்.

"நாளன்னிக்குப் போட்டி. நீங்க பேசோணும்."

"அந்தப் பேச்சு வேண்டாமுங்க." குரல் கீழே போய்விட்டது. "வாய்க்கு வந்ததச் சொல்லி ஒருத்தரு கால ஒடிச்சது போதுமுங்க. நீங்க தண்ணிக்கு எந்திரிச்சீங்க. நான் சிங்கம்னேன்."

அண்ணன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் தண்ணிக்கு எந்திரிக்கலீங்க" என்றான்.

அர்த்தநாரி குனிந்தார், சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல.

"ஆடறதுக்குத்தான் எந்திரிச்சேன். தீர்த்தகிரி அக்கட்டால திரும்பிப் பாத்துட்டு இருந்தாரு. மூணு பாயின்ட்டுத்தானே, ரெண்டு தடவ பாடிப்போனா எடுத்துரலாம்னு தோணுச்சு. நீங்க மைக்குல சொல்லறதுக்கு முன்னாலயே வேட்டிய அவுத்து வெச்சுட்டேன். ஊட்டுல கேட்டப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க பேரச் சொல்லிட்டேன். அப்பறம் அதயே சொல்லிட்டு இருந்தேன்."

முன்னால் யாரோ, "கண்டக்டரு, விசிலு!" என்று கத்தினார்கள். யாரோ இறங்க வேண்டிய இடம் தாண்டிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி விசில் ஊதினார். ஆள் இறங்கியது. மறுபடி ஊதினார். திரும்பி வந்தபோது கண்ணைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன். தூசியாகவும் இருந்திருக்கலாம்.

"மூணு வருசமுங்க" என்றார். "பாதி நாளு தூங்கலீங்க."

"தெரியுமுங்கண்ணா. அதனாலதான் உங்க பஸ்ஸுல ஏறாம இருந்தேன்."

டிக்கெட் கட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. புதுச்சத்திரம் வந்தது. அண்ணன் காலை இழுத்துக்கொண்டு இறங்குவதற்கு அவரே கை கொடுத்தார். "பேசறனுங்க. ஆனா நீங்க பக்கத்துல வந்து உக்காரோணும். நான் ஏதாச்சும் ஏடாகூடமாச் சொன்னா தொடையில கிள்ளுங்க" என்றார்.

அன்று சாயந்திரம் அண்ணன் அம்மாவிடமும் சொன்னான். நானும் நங்கையும் பக்கத்தில் இருந்தோம். அம்மா எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தண்ணி குடிக்கப் போறவன் வேட்டிய அவுத்து வெச்சுட்டா போவான்? மைக்குல பேரச் சொன்ன கையோட பாடிப்போயிட்ட, அதுக்கப்பறம் வேட்டி அவுக்க ஏது நேரம்? லாரியில நான் பாக்கறப்ப இடுப்புல டவுசருதான் இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கும்மா அந்த மனுசன அத்தன வஞ்ச?" என்றேன் நான்.

"உள்ள கால் ஒடிஞ்சு கெடக்கற புள்ளைய வையறதுக்கு மனசு வருமா? யாரையாச்சும் வையோணும்போல இருந்துச்சு. அவன் கெடச்சான்." தவிட்டைக் கலக்கிக் கலக்கிக் கரைத்தாள். "பாவம், சாத்துக்குடி வேற வாங்கியாந்தான்."

போட்டி நாள் மத்தியானம் நாங்கள் களத்தில் காத்துக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கர் இழுத்தது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றார் அர்த்தநாரி. கடலும் இல்லை, அலையும் இல்லை. நங்கை என்னைப் பார்த்தாள்.

ஆட்டம் ஆரம்பமானது. அவர் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "பச்சமுத்து... போகிறார். போய்... வருகிறார். வந்துவிட்டார்." நடுவில் நீளமாக ஒன்றுமே இருக்காது. கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "என்னுங்கண்ணா, தூக்கமா?" என்று யாரோ கத்தியதும் மைக்கில் கேட்டது. இதற்குச் சின்னுசாமியே தேவலாம் என்றாள் நங்கை.

திடீரென்று மைக் கை மாறுகிற சத்தம்.

"கொண்டாங்க இப்படி" என்றது அண்ணன் குரல்.

அண்ணன் ஊருக்கெல்லாம் அர்த்தநாரியைப்போலப் பேசிக் காட்டிக் கேலி செய்தவன். இனிமேல் பார், எப்படிப் பேசுகிறேன் என்பதுபோலத் தொண்டையைக் கனைத்தான். "இப்ப எதிர்த் தரப்புல ஒரு பையன் வாரான். சேப்பு டவுசரு. வாரான்... வந்து... எடது பக்கம் பாக்கறான்..." அப்புறம் மைதானத்தில் என்ன நடந்ததோ, கூட்டம் ஹோவென்றது. அண்ணன் தன்னை மறந்து கத்தினான்: "சிங்கம்போல் சீறிப் பாய்கிறார்! மயிரிழையில்! மயிரிழையில் தப்பினார்! ஆட்டம் சூடு பிடிக்கிறதுங்கோ!"

நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வயிறு வலித்தது. மைதானத்திலும் சிரிப்பு கேட்டது. அதற்குள் அர்த்தநாரியின் குரல் உள்ளே புகுந்துவிட்டது. "வெற்றிக் கனியைப் பறிக்கப் போவது யார்?" என்றார். பழைய குரல். இரண்டு பேரும் ஒரு மைக்கை மாற்றி மாற்றிப் பிடுங்குவது தெரிந்தது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வாங்க போலாம்" என்றாள்.

"எங்கம்மா?"

"போய்ப் பாப்பம். எத்தன வருசத்துக்குத்தான் கேட்டுட்டே இருக்கறது?"

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். நங்கை தலையை அவசரமாகக் கோதி முடிந்தாள். கடலைக் காட்டு வரப்பில் மூன்று பேரும் நடந்தோம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மைதானத்து ஓரத்தில் ஆண்கள் எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார்கள். தீர்த்தகிரி வந்து, "இப்படி நில்லுங்காத்தா, நெழலா இருக்குது" என்று பனை ஓரத்தில் இடம் விட்டார்.

எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. மைதானம் இவ்வளவு சின்னதா? எங்கள் களத்தைவிட ரெண்டு எட்டுத்தான் பெரிது. பதினாலு பேர் புழுதியில் நின்றார்கள். ஒருவன் பாடிக்கொண்டு போனான், கை நீண்டது, யாரோ பாய்ந்தார்கள், ஒரு குவியலாக விழுந்து எழுந்தார்கள். அவ்வளவுதான். நான் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யார் யாரைத் தொட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டு வண்டிமேல் நின்றுகொண்டு அர்த்தநாரிதான் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் பார்த்தது புரிந்தது.

அடுத்தவன் பாடிப்போனபோது நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். கால் கட்டை விரலில் எம்பி எம்பி நிற்கிறார். பாடிப்போகிறவன் மூச்சைப் பிடித்தால் இவரும் பிடிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. வண்டியின் விளிம்பில் அண்ணன் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, அவர் வேட்டி நுனியைப் பிடித்திருந்தான், கீழே விழுந்துவிடாமல்.

ஆட்டம் முடிந்தது. நம்மவர்கள் தோற்றார்கள். எருமப்பட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் யாருக்கு வருத்தப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள். அர்த்தநாரி அவளைப் பார்த்ததும் அவசரமாகக் கீழே இறங்கினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"தொண்ட கட்டிப்போச்சு உனக்கு" என்றாள். "ஊட்டுக்கு வா சாமி. சுக்குத் தண்ணி வெச்சுத் தாரேன்."

நாங்கள் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அம்மாவும் நங்கையும் முன்னால், அண்ணனும் அர்த்தநாரியும் பின்னால். வரப்பு குறுகலாக இருந்ததால் அண்ணன் ஒரு கையை அவர் தோளில் போட்டிருந்தான். ஜேடர்பாளையத்திடம் முதலில் தோற்ற பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எழுபத்தைந்தா, எழுபத்தாறா என்று இரண்டு பேருக்கும் சண்டை. குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது.